கோப்பிக் கடை சர்வேயா, நெல்லு லாரியா? ஃபைனல் இயர் தங்கச்சிக்கு ஒரு பதில்

கேள்வி:

வணக்கம் அக்கா. நான் அக்ரிபிஸ்னஸ் ஃபைனல் இயர் படிக்கிறேன், வீடு பினாங்குல கெப்பாலா பத்தாஸ் பக்கம். அப்பா லாரி ஓட்டுறாரு, அறுவடை நேரத்துல வயல்லேர்ந்து மில்லுக்கு நெல்லு ஏத்திட்டுப் போவாரு. புரொஜெக்டுக்கு 'ஜார்ஜ்டவுன் கோப்பிக் கடைகளில் வாடிக்கையாளர் திருப்தி'ன்னு தலைப்பு எடுத்திருக்கேன். கூகுள் ஃபார்ம் போட்டு ட்ரையலுக்கு 30 பேருக்கு அனுப்புனேன், எல்லாரும் 5 மார்க்குக்கு 4, 5தான் போட்டிருக்காங்க, ஆவரேஜ் 4.3 வந்துச்சு. சூப்பர்வைசர் 384 பேர் வேணும்னு சொல்றாரு. அப்பா என்னடான்னா 'விவசாயம் படிக்கிறேன்னு சொல்லிட்டு கோப்பிக் கடையில என்ன ஆராய்ச்சி, நம்ம ஊர்ல நெல்லு இல்லையா'ன்னு கேக்குறாரு. கோப்பி தலைப்பு அக்ரிபிஸ்னஸ்ல சேருமா? 4.3 நல்ல ரிசல்ட்டா? 384 பேரை எங்க புடிக்கிறது? இல்ல தலைப்பையே மாத்திடலாமா? கையில இன்னும் ஒரு செமஸ்டர் இருக்கு. என்னோட கேள்வித்தாளையும் இதோட அனுப்பியிருக்கேன்.

பதில்:

தங்கச்சி, முதல்ல அப்பா கேட்டதுக்குப் பதில் சொல்லிடுறேன், அது சுலபம். கோப்பிக் கடை அக்ரிபிஸ்னஸ்ல தாராளமா சேரும். ஹார்வர்டுல ஜான் டேவிஸும் ரே கோல்ட்பெர்க்கும் 1957ல இதைப் பத்தி புஸ்தகம் போட்டப்பவே விதை, உரம் விக்கிறவன்லேர்ந்து விளைவிக்கிறவன், ஏத்திட்டுப் போறவன், அரைக்கிறவன், கடைசியா தட்டுல வைக்கிறவன் வரைக்கும் ஒரே சங்கிலியாத்தான் பாக்கணும்னு சொல்லிட்டாங்க. அதனால கோப்பி கலக்குற அங்கிளும் உள்ளதான், உங்க அப்பாவும் உள்ளதான்.

ஆனா உன் கேள்வித்தாளைப் படிச்சேன். 22 கேள்வி இருக்கு, அதுல கோப்பியைப் பத்தி ஒண்ணு கூட இல்லையேம்மா. ஏர்கான், வைஃபை, பார்க்கிங், பணியாளர் சிரிச்ச முகமா இருந்தாரா, எல்லாம் இருக்கு. தலைப்புல கோப்பிக் கடைன்னு இருக்கிறதை அழிச்சிட்டு சலூன்னு எழுதுனாலும் இந்தக் கேள்வித்தாள் அப்படியே ஓடும். நம்ம மலேசியாவுல விளையிற கோப்பி பெரும்பாலும் லிபெரிக்காங்கிற வகை, ஜொகூர்ல குளுவாங், பத்து பஹாட் பக்கம், உலக உற்பத்தியில அந்த வகை 2 சதவீதம் கூட வராது, அது ஒரு தனிச் சரக்கு. அது ஒரு பக்கம் இருக்க, சீனர் கோப்பிக் கடையில கிடைக்கிற கறுப்புக் கோப்பி பெரும்பாலும் சீனியும் மார்ஜரினும் சேத்து வறுத்த கொட்டை, ஆர்மேனியன் ஸ்த்ரீட் பக்கத்துல இருக்கிற கஃபேல கிடைக்கிறது வெளிநாட்டு அராபிக்கா. ரெண்டு கடைக்கும் வர்ற ஆளு வேற, விலை வேற, கொட்டை வர்ற வழி வேற. ரெண்டையும் ஒரே பையில போட்டு 'கோப்பிக் கடை'ன்னு ஆவரேஜ் எடுத்தா அந்த நம்பருக்கு என்ன அர்த்தம் சொல்லு.

சரி இப்ப அந்த 4.3. இது நல்ல ரிசல்ட்டும் இல்ல கெட்ட ரிசல்ட்டும் இல்ல, இது ரிசல்ட்டே இல்ல, கோவிச்சுக்காதே. யாருக்கு அனுப்புன? கிளாஸ் வாட்சப் குரூப்பு, கசின், கசினோட ஃபிரெண்டு, அவ்வளவுதானே. அவங்க உனக்காக ரெண்டு நிமிஷம் ஒதுக்கி, கட்டை விரலால 4 4 5 4ன்னு தட்டிட்டுப் போயிட்டாங்க. லிகெர்ட்டுங்கிறவரு 1932ல இந்த 1லேர்ந்து 5 அளவுகோலை மனப்போக்கை அளக்கத்தான் கொண்டு வந்தாரு, ஆனா நம்ம ஊர்ல அது மரியாதையை அளக்குது. யாராவது முகத்துக்கு நேரா பேப்பரை நீட்டுனா 2 போட நம்மாளுங்களுக்கு மனசு வராது, அதுவும் தவ்கே, அதாவது கடை முதலாளி, கல்லாவுல உக்காந்து பாத்துட்டு இருக்கும்போது. அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. கடையில உக்காந்திருக்கிறவன் ஏற்கனவே அந்தக் கடையை ஏத்துக்கிட்டவன். புடிக்காதவன் பக்கத்துக் கடைக்குப் போயிட்டான், அவனை நீ பாக்கவே போறதில்ல. கடைக்காரனுக்கு உண்மையில தெரிய வேண்டியது அவனைப் பத்தித்தான்.

கொஞ்சம் பக்கத்துல போய்ப் பாக்கலாம். காலையில எட்டு மணிக்கு ஜார்ஜ்டவுன்ல ஒரு சீனர் கோப்பிக் கடையில ஓரமா ஒரு கோப்பி ஓ, அதாவது பால் இல்லாத கோப்பி, வாங்கிட்டு சும்மா உக்காரு, ஃபார்மை வெளியில எடுக்காதே. மேசையில முந்தி உக்காந்தவன் குடிச்ச கிளாஸ் அப்படியே இருக்கு, முட்டை ஓடு இருக்கு, தொடைக்கிற ஆள் அந்தப் பக்கம் நிக்கிறாரு. ஆபீஸ் போற பொண்ணு ஒண்ணு வாசல்ல நின்னு மேசை மேசையா கண்ணை ஓட்டுது, மணியைப் பாக்குது, திரும்பிப் போயிடுது. அவ்வளவுதான் சம்பவம், பத்து செகண்டு. உன் ஃபார்ம்ல இதுக்கு ஒரு கட்டம் கிடையாது. ஒரு மணி நேரம் உக்காந்து இந்த மாதிரி எத்தனை பேர் எட்டிப் பாத்துட்டுப் போறாங்கன்னு கோடு போட்டு எண்ணு, எத்தனை பேர் தப்பாவ் (பார்சல்) கட்டிட்டுப் போறாங்க, எத்தனை பேர் உக்காந்தாங்க, எந்தெந்த கிளாஸ்ல பாதி கோப்பி மிச்சம் கெடக்கு, ஆர்டர் சொன்னதுலேர்ந்து கோப்பி வர எத்தனை நிமிஷம், இதெல்லாம் எண்ணு. ரெண்டு மூணு காலையில உக்காந்தா போதும், அந்த 30 ஃபார்முல இல்லாதது எல்லாம் உன் நோட்டுல வந்துடும்.

கேள்வி கேட்டே ஆகணும்னா அபிப்ராயத்தைக் கேக்காதே, நடந்ததைக் கேளு. 'இந்தக் கடை சேவையில நீங்கள் திருப்தி அடைகிறீர்களா'ன்னு கேட்டா 4தான் வரும். 'கடைசியா எப்ப வந்தீங்க, என்ன குடிச்சீங்க, முழுசா குடிச்சீங்களா, எவ்வளவு நேரம் ஆச்சு, போன வாரத்துல வேற எந்தெந்தக் கடையில குடிச்சீங்க, இங்க வராத அன்னைக்கு ஏன் வரல' இப்படிக் கேட்டுப் பாரு, ஆளு கதை சொல்ல ஆரம்பிச்சுடுவாரு. வாரத்துல அஞ்சு நாள் பசியாற வர்றவரு 3 போடுறாரு, வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற டூரிஸ்ட் 5 போடுறாரு, இதுல யாரு திருப்தியான வாடிக்கையாளர்?

அந்த 22 கேள்வி எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும், நம்ம பக்கத்துல பாதி தீசிஸ் அதுலதான் ஓடுது. செர்வ்குவால், சேவைத் தரத்தை அளக்கிற ஒரு கேள்வித்தாள். பரசுராமன், ஸீதாம்ல், பெர்ரின்னு மூணு பேரு 1985ல அடிப்படையைப் போட்டு 1988ல 22 கேள்வியா வெளியிட்டாங்க, முதல் பேரைப் பாத்ததும் நமக்கு ஒரு சந்தோஷம் வரத்தான் செய்யும். நல்ல வேலைதான், தப்பு சொல்லல. ஆனா அவங்க அதுக்காக ஆராஞ்ச தொழில் எல்லாம் பேங்க், கிரெடிட் கார்டு, மெசின் ரிப்பேர், தொலைதூர டெலிஃபோன், அந்த மாதிரி. அதோட அது எதிர்பார்ப்பு என்ன, கிடைச்சது என்னன்னு ரெண்டு தடவ கேட்டு ரெண்டுக்கும் இடையில இருக்கிற இடைவெளியை அளக்கிற முறை. நீ ரெண்டாவது பாதியை மட்டும் எடுத்துட்டு பேரை மட்டும் செர்வ்குவால்னு வச்சிருக்க. பாதியை மட்டும் எடுக்கிறதுக்கு க்ரோனினும் டெய்லரும் 1992ல வேற பேரே வச்சிட்டாங்க, செர்வ்பெர்ஃப்னு, வைவாவுல, அதாவது நேர்முகத் தேர்வுல, எக்ஸாமினர் இதைக் கேட்டாருன்னா நீ முழிப்ப.

அதுல 'பணியாளர்களின் உடை நேர்த்தியாக உள்ளது'ன்னு ஒரு கேள்வி வருது பாரு. கோப்பி கலக்குற அங்கிள் வெள்ளை பனியன், அரைக்கால் சிலுவார், தோள்ல துண்டு. அவருக்கு நீ 1 போட்டாலும் சனிக்கிழமை காலையில அங்க மேசை கிடைக்காது. அதாவது மக்கள் ஒரு விஷயத்துக்குக் குறைச்ச மார்க் போடுறதும் அந்த விஷயம் அவங்களுக்கு முக்கியமா இருக்கிறதும் வேற வேற. இதுக்குத்தான் மார்ட்டில்லாவும் ஜேம்ஸும் 1977ல ஒரு சின்ன முறை சொன்னாங்க, எது முக்கியம்னு ஒரு தடவ கேளு, எப்படி இருந்துச்சுன்னு ஒரு தடவ கேளு, ரெண்டையும் கட்டம் போட்டு வை, முக்கியமா இருந்து மார்க் கொறைஞ்சது எதுவோ அங்கதான் கடைக்காரர் காசைப் போடணும். ஒரு பக்கத்துல முடிஞ்சிடும், தவ்கேகிட்ட காட்டுனாலும் அவருக்குப் புரியும். கேள்விங்க ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகுதான்னு காட்டுற கிரான்பாக் ஆல்ஃபா 0.9 வந்துச்சுன்னு போய் அவர்கிட்ட காட்டு, அப்படியான்னு கேட்டுட்டு கோப்பி கலக்கப் போயிடுவாரு. ஆல்ஃபாவைப் பத்தி ஒண்ணு, ஒரே கேள்வியை அஞ்சு விதமா மாத்தி மாத்திக் கேட்டாலே ஆல்ஃபா ஏறிடும், அதைக் காட்டி 'கேள்வித்தாள் சரியா இருக்கு'ன்னு எழுதாதே.

384. இந்த நம்பரைக் கேட்டாலே எனக்குச் சிரிப்பு வரும், மலேசியாவுல யூனிவர்சிட்டி பக்கம் போன யாருக்கும் இது மனப்பாடம். கிரெஜ்சியும் மோர்கனும் 1970ல போட்ட டேபிள், மொத்த ஜனம் பத்து லட்சம்னா சாம்பிள், அதாவது நீ கேக்க வேண்டிய ஆளுங்க, 384. ஆனா அந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை இருக்கு, மொத்த ஆளுங்கள்லேர்ந்து குலுக்கிப் போட்டு எடுக்கணும், எல்லாருக்கும் மாட்டுற வாய்ப்பு ஒரே மாதிரி இருக்கணும். வாட்சப்புல ஃபார்வர்டு பண்ணிப் புடிச்ச 384 பேர் அந்தக் கணக்குல வரவே மாட்டாங்க, உன் ஃபிரெண்டுகளோட ஃபிரெண்டுங்க 384 பேர், அவ்வளவுதான். 30 பேர்ல இருந்த கோணல் 384 பேர்லயும் அப்படியே இருக்கும், என்ன, இன்னும் தைரியமா தப்பு சொல்லும். அதே டேபிளை மேல பாரு, மொத்தமே 100 பேர்னா 80 போதும், 200 பேர்னா 132, 500 பேர்னா 217ன்னு இருக்கு. அப்ப கேள்வி சின்னதா, ஆளுங்க யாருன்னு தெளிவா இருந்தா நம்பர் தானா இறங்கும். சூப்பர்வைசர்கிட்ட இதைச் சண்டையா சொல்லாதே, டேபிளைக் கையில வச்சிட்டு 'சார், என்னோட பாப்புலேஷன் இதுன்னு வச்சிக்கலாமா'ன்னு கேளு.

இப்ப தலைப்பு. மாத்துன்னுதான் சொல்லுவேன், ஆனா அப்பா சொன்ன காரணத்துக்காக இல்ல. அவர் லாரி ஓட்டுறாரே, அதுக்காக.

நெல்லுன்னதும் நீ உடனே 'விவசாயிகளின் நல்ல வேளாண் நடைமுறைகள்'னு இன்னொரு 1லேர்ந்து 5 ஃபார்ம் அடிக்கப் போற, அது வேண்டாம். கோப்பிக் கடையில நடந்த அதே கூத்து வயல்லயும் நடக்கும். 'சான்றளிக்கப்பட்ட விதை பயன்படுத்துகிறீர்களா' ஆமா. 'உரம் அட்டவணைப்படி' ஆமா. பேப்பரோட வந்தா டிபார்ட்மெண்ட் ஆளோன்னு நெனச்சு எல்லாத்துக்கும் ஆமாதான். ஆனா 'போன சீசன்ல ஒரு ரெலோங்கு நிலத்துக்கு எத்தனை மூட்டை விதை போட்டீங்க, மூட்டையை எங்க வாங்குனீங்க, மிச்சம் என்ன ஆச்சு'ன்னு கேட்டா அப்ப வெளியில வரும், வீட்டுல எடுத்து வச்ச விதையைக் கலந்தது, பக்கத்து வயக்காரர்கிட்ட வாங்குனது எல்லாம். வயல்ல களையா மொளைக்கிற காட்டு நெல்லு கதையே அதுதான், மலாய்க்காரங்க பாடி அங்கின்னு சொல்லுவாங்க. நாத்து நடுறதை விட்டுட்டு நேரா விதைக்க ஆரம்பிச்சப்புறம் 1980கள் கடைசிலேர்ந்து அது தலைவலியாச்சு, பயிர் மாதிரியே நிக்கும், அறுவடைக்கு முன்னாடியே மணி உதிர்ந்துடும், மண்ணுல கெடந்து அடுத்த சீசன்ல மொளைக்கும். 2010ல அரசாங்க விவசாய ஆராய்ச்சி நிலையம் மார்டியும் மருந்து கம்பெனி பிஏஎஸ்எஃபும் சேந்து கிளியர்ஃபீல்டுங்கிற நெல்லு வகையைக் கொண்டு வந்தாங்க, மருந்து அடிச்சா காட்டு நெல்லு சாகும் நம்ம நெல்லு நிக்கும். அதை இடைவெளி விடாம சீசன் சீசனா போடக் கூடாது, சொந்த விதை எடுத்து வைக்கக் கூடாதுன்னு விதிமுறை இருந்துச்சு, வயல்ல அப்படியே நடக்கல, இப்ப மருந்துக்குச் சாகாத காட்டு நெல்லும் வந்துடுச்சு. இதுல என்ன படிக்கலாம்னா விவசாயிக்கு அந்த விதிமுறை தெரியுமாங்கிறது இல்ல, தெரிஞ்சும் ஏன் மீறுனாருன்னு. அது நல்ல தலைப்புதான், ஆனா உனக்கு இருக்கிறது ஒரு செமஸ்டர். அதனால வேற ஒண்ணு சொல்றேன்.

பொத்தோங், அதாவது மில்லுல எடையில கழிக்கிறது. அப்பாகிட்ட இந்த ஒரு வார்த்தையைச் சொல்லு, அரை மணி நேரம் பேசுவாரு. வயல்லேர்ந்து வர்ற நெல்லு ஈரமா வரும், இருபதுக்கு மேல சதவீதம் ஈரம் இருக்கும், மில்லு அதைக் காய வச்சு 14 சதவீதத்துக்குக் கொண்டு வரணும். அதோட பதரு, வைக்கோல், மண்ணு. இதுக்கெல்லாம் சேத்து எடையில இத்தனை சதவீதம்னு கழிச்சிட்டுத்தான் மில்லுல காசு குடுக்குறாங்க. நெல்லுக்கு அரசாங்கம் வச்ச அடிமட்ட விலை 2025ல டன்னுக்கு 1,300 வெள்ளியிலேர்ந்து (ரிங்கிட்டைத்தான் சொல்றேன்) 1,500 வெள்ளியாச்சு. அப்படின்னா ஒரு டன்னுக்கு ஒவ்வொரு சதவீத பொத்தோங்கும் 15 வெள்ளி. அப்பா லாரியில 10 டன் போகுது, ஒரு மில்லுல 18 சதவீதம், இன்னொரு மில்லுல 22 சதவீதம்னா ஒரே லோடுல 600 வெள்ளி வித்தியாசம். பேப்பர்ல விலை ரெண்டு மில்லுலயும் ஒண்ணுதான்.

இதுல அழகு என்னன்னா ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறது நியாயம்னு நீயே கணக்குப் போடலாம். 24 சதவீத ஈரத்துல வந்த 100 கிலோ நெல்லுல 76 கிலோ காஞ்ச பொருள். அதை 14 சதவீத ஈரத்துக்குக் காய வச்சா 76ஐ 0.86ஆல வகுக்கணும், 88.4 கிலோ வரும். அப்ப ஈரத்துக்கு மட்டும் 11.6 சதவீதம். 22 சதவீத ஈரம்னா 9.3தான். மில்லு கழிச்சது 20ன்னா மிச்சம் சுமார் எட்டரையோ பத்தேமுக்காலோ பதருக்கும் குப்பைக்கும் போகுது, இல்ல வேற எதுக்கோ போகுது. அந்த மிச்சம்தான் உன் தீசிஸ். அது யாருக்குக் கூட, யாருக்குக் கொறைச்சு, மழைக்கு அப்புறம் ஏறுதா, அறுவடை மெசின்காரன் அவசரத்துல அடிச்ச வயல்லேர்ந்து வந்தா ஏறுதா, மில்லு வாசல்ல லாரி வரிசை நீளமா இருக்கிற அன்னைக்கு ஏறுதா.

மில்லுக்காரர் எல்லாம் கொள்ளைக்காரர்னு முடிவு பண்ணிட்டுப் போகாதே, அவர் பக்கமும் கணக்கு இருக்கு. ஒரு டன் நெல்லு அரைச்சா அரிசி சுமார் 600லேர்ந்து 650 கிலோ. டன் 1,500ன்னா ஒரு கிலோ அரிசிக்கு நெல்லு விலை மட்டுமே 2.30லேர்ந்து 2.50 வெள்ளி. உள்ளூர் வெள்ளை அரிசி கிலோ 2.60க்கு மேல விக்கக் கூடாதுன்னு உச்ச விலை. நடுவுல இருக்கிற பத்து காசு முப்பது காசுல காய வைக்கணும், அரைக்கணும், மூட்டை கட்டணும், ஏத்தணும், தவிடு வித்த காசு கொஞ்சம் தாங்கும். கீழயும் கட்டு மேலயும் கட்டுன்னா எது கட்டுல இல்லையோ அங்கதான் இழுபறி நடக்கும், அதுதான் பொத்தோங். 2023ல நம்ம எல்லாரும் இதோட இன்னொரு முகத்தைப் பாத்தோம், இந்தியா ஜூலையில வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்துனுச்சு, செப்டம்பர்ல நம்ம நாட்டுக்கு அரிசி இறக்குமதி பண்ற கம்பெனி பெர்னாஸ் இறக்குமதி அரிசியை டன்னுக்கு 2,350லேர்ந்து 3,200 வெள்ளியாக்குனுச்சு, அதுக்கப்புறம் கடையில 26 வெள்ளி பத்து கிலோ மூட்டை கண்ணுலயே படல. உங்க வீட்டுலயும் அம்மா நாலு கடை ஏறி இறங்கியிருப்பாங்க.

இப்ப பாரு, நீ கோப்பிக் கடைக்காகப் படிச்சது எதுவும் வீணாகல. மில்லுக்கு விவசாயி கோப்பிக் கடைக்கு வாடிக்கையாளர் மாதிரிதான். 'மில்லுல திருப்தியா'ன்னு கேக்காதே. போன சீசன்ல எந்த மில்லுக்குப் போட்டீங்க, அதுக்கு முந்தின சீசன் எங்க, மாத்துனீங்களா, மாத்தலைன்னா ஏன் மாத்தல, இதைக் கேளு. மாத்தாததுக்குக் காரணம் திருப்தியா இருக்கணும்னு அவசியம் இல்ல. அந்த மில்லு ஏஜெண்டுகிட்ட உரத்துக்கு முன்பணம் வாங்கியிருப்பாரு, லாரி அந்தப் பக்கம்தான் போகும்பாரு, ராத்திரி வரைக்கும் திறந்திருக்கிறது அந்த ஒரு மில்லுதான்பாரு. கோப்பிக் கடையில எட்டிப் பாத்துட்டுப் போன பொண்ணை எப்படித் தேடணும்னு சொன்னேனோ அதே மாதிரி மில்லை விட்டுப் போனவங்களையும் தேடு, வரிசையில நிக்கிறவங்களை மட்டும் கேட்டுட்டு வந்துடாதே.

டேட்டா எங்கன்னு கேப்ப. எடை மேடை ரசீது. லாரி டேஷ்போர்டுல ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டு இருக்குமே, சுருண்டு போய், மேல கோப்பிக் கறையோட. லாரி நம்பர், ஏத்துன எடை, காலி எடை, கழிச்சது, மிச்சம், தேதி, நேரம், பாதி தீசிஸ் அதுலயே அச்சடிச்சு இருக்கு. யாரோட ஞாபகத்தையும் நம்ப வேண்டாம். ஆனா ரெண்டு விஷயத்துல கவனமா இரு. அந்த ரசீது விவசாயியோடது, அப்பா லாரியில கெடக்குதுங்கிறதுக்காக நீ போட்டோ புடிச்சிடக் கூடாது, ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டு சம்மதம் வாங்கணும், பேரு வேண்டாம், மில்லுக்கு அ, ஆ, இன்னு வை, யூனிவர்சிட்டி எத்திக்ஸ் ஃபார்ம் இருந்தா அதையும் முன்னாடியே குடு. ரெண்டாவது, அப்பா பொழப்பு. வரிசையில நிக்கிற ஆளோட மகள் கணக்குப் பாக்குதாம்னு மில்லு வாசல்ல பேச்சு கெளம்புனா அவருக்கு லோடு குடுக்க யோசிப்பாங்க. அவர் போற மில்லுங்களை விட்டுட்டு வேற மில்லுக்குப் போடுற விவசாயிகளைப் புடி, இல்ல அப்பாவை அறிமுகத்துக்கு மட்டும் வச்சிக்கோ. முதல்ல அவர்கிட்ட உக்காந்து பேசு, அவர் வேண்டாம்னா வேண்டாம், விட்டுடு. அப்படி ஆச்சுன்னா மேல சொன்ன கோப்பிக் கடை வேலையையே ரெண்டு சீனர் கடையோட சுருக்கி, எண்ணிக்கையும் அந்த முக்கியம்-மார்க் கட்டமும் வச்சு செய், அதுவும் நல்ல புரொஜெக்ட்தான், ஆர்மேனியன் ஸ்த்ரீட் கஃபேயை விட்டுடு.

காலம் பாத்துக்கோ. பெரிய சீசன் நெல்லு ஆகஸ்டுக்கு மேல விதைச்சு வருஷத் தொடக்கத்துல அறுப்பாங்க, சின்ன சீசன் மார்ச்சுக்கு மேல விதைச்சு ஜூலை ஆகஸ்டு வாக்குல அறுப்பாங்க, தண்ணி விடுறதைப் பொறுத்து முன்ன பின்ன ஆகும். உன் செமஸ்டர் எதுல விழுதுன்னு இப்பவே பாரு. அறுவடை மெசின் வயல்ல ஓடும்போது போய்க் கேள்வி கேக்காதே, அன்னைக்கு அவங்க தலையில மழையும் லாரியும் தவிர வேற எதுவும் ஓடாது. அறுப்பு முடிஞ்சு காசு கைக்கு வந்த வாரம் போ, வாரோங்ல, அதாவது சின்னச் சாப்பாட்டுக் கடையில, உக்காந்து நிதானமா பேசுவாங்க, நீதான் கெளம்பணும்னு எழுந்திரிக்க வேண்டியிருக்கும்.

அங்க விவசாயிங்க பெரும்பாலும் மலாய்க்காரங்க, வடக்கு மலாய்தான் பேசுவாங்க, ஹெக்டேர்னு கேட்டா யோசிப்பாங்க, ரெலோங்னு கேட்டா டக்குன்னு சொல்லுவாங்க. ஒரு ரெலோங் 0.288 ஹெக்டேர், நீ வீட்டுக்கு வந்து மாத்திக்கோ. கேள்வியை இங்லீஷ்ல எழுதி கூகுள்ல போட்டு மாத்திட்டுப் போனா முதல் கேள்விலயே அவங்க உன்னை ஒரு மாதிரி பாப்பாங்க.

எஸ்பிஎஸ்எஸ்ங்கிற புள்ளிவிவர சாஃப்ட்வேர் பத்தி பயப்படாதே. 60, 70 ரசீது சுத்தமா இருந்தா மில்லு வாரியா, மழை நாள் காஞ்ச நாள் வாரியா ஒரு டேபிள், ஒரு சின்ன ரெக்ரெஷன், போதும். ரசீதுல ஈரம் எவ்வளவுன்னு எழுதாத மில்லும் இருக்கும், அங்க நீ போட்ட கணக்கு ஓடாது, அப்ப 'ஈரம் எழுதுற மில்லு, எழுதாத மில்லு'ன்னு ரெண்டா பிரிச்சு பொத்தோங்கை ஒப்பிட்டுப் பாரு, சொல்லப் போனா எனக்கு அதுதான் ரொம்ப ஆவலா இருக்கு.

இந்த வாரம் அப்பாகிட்ட பேசிடு, அவர் சரின்னா சூப்பர்வைசருக்கு ஒரு பக்கம் எழுதிக் குடு, யாரை, எத்தனை பேரை, எந்த ரசீதைன்னு மட்டும். கேள்வித்தாள் டிராஃப்ட் ஆனதும் எனக்கு அனுப்பு, மலாய்ல எழுதுனதையே அனுப்பு, பாத்துச் சொல்றேன்.